கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் சிம்பிரெய்ன் மென்பொருளை நிறுவித் தரவும், டி டிரைவைப் பூட்டிலிருந்து விடுவிக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
பி.எஸ்சி. கணினி அறிவியல் மூன்றாமாண்டு மாணவ மாணவியர் (இரண்டாம் சுழற்சி),
அரசு கலைக் கல்லூரி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: செலவில்லாத ஒரு மென்பொருளை ஆய்வகக் கணினிகளில் நிறுவவும், மாணவர்கள் செய்த வேலை அழியாமல் இருக்க டி டிரைவைத் திறந்துவிடவும் ஆணையிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் கல்லூரி அலுவலகத்திலும், மண்டல அலுவலகத்திலும், திங்கட்கிழமை குறைதீர் நாளிலும் நாங்கள் முன்பே கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எங்கள் கல்லூரி தங்களுக்குத் தெரியாததல்ல. ரயில்வே கேட் தாண்டி இறக்கத்தில் இருக்கிறது. வாக்காளர் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு வந்தபோது மாடி வராண்டா வழியாகத்தான் தாங்கள் அரங்கத்துக்குப் போனீர்கள். அந்த வராண்டாவின் கோடியில், கம்பிக்கதவு போட்டுப் பூட்டியிருந்த அறைதான் கணினி ஆய்வகம். இந்த மனு அதைப் பற்றியது. கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

1. இந்தப் பருவத்தில் எங்களுக்கு நியூரல் நெட்வொர்க் (மூளை நரம்பணுக்களைப் போல இணைத்துக் கணினியைக் கற்க வைக்கும் முறை) தாளும் அதற்குரிய செய்முறையும் உள்ளன. செய்முறைக்கு எங்கள் ஆசிரியர் தேர்ந்தெடுத்தது, அந்த நெட்வொர்க்கைத் திரையில் வரைந்து ஓட்டிப் பார்க்க உதவும் சிம்பிரெய்ன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மெர்செட் வளாகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜெஃப் யோஷிமி தொடங்கிய திறமூல மென்பொருள் இது. விலை கிடையாது, ஆண்டுச் சந்தா கிடையாது. நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். ஜாவாவில் எழுதப்பட்டது, எங்களுக்கு ஜாவா தாள் இருப்பதால் எல்லாக் கணினியிலும் ஜாவா ஏற்கெனவே உள்ளது.

2. நெட்வொர்க்கின் சிறு கணக்கு அலகுகளான நியூரான்கள் திரையில் வட்டங்களாகத் தெரியும். மதிப்பு கூடினால் சிவப்பு, எதிர்மறையானால் நீலம். இணைப்புக் கோடுகளின் முனையில் உள்ள புள்ளி, எடை (அந்த இணைப்பின் வலிமையைக் காட்டும் எண்) கூடக் கூடப் பெரிதாகும். ஓர் எலிக்கு வாசனை உணரும் நியூரானைப் பொருத்திப் பாலாடைக்கட்டியை நோக்கி நடக்க வைக்கலாம். எக்ஸ்-ஆர் கணக்குக்கு (இரண்டு உள்ளீட்டில் ஒன்று மட்டும் 1 ஆனால்தான் விடை 1) நடுவில் ஓர் அடுக்கு ஏன் வேண்டும் என்பதைக் கரும்பலகையில் பலமுறை போட்டும் எங்களில் பாதிப்பேருக்குப் புரியவில்லை. அந்த அடுக்கை எடுத்துவிட்டு ஓடவிட்டால் பிழை குறையாமல் நிற்பதைத் திரையில் பார்த்த அன்றே எல்லோருக்கும் புரிந்தது.

3. அம்மா, எங்கள் பெரிய கஷ்டம் இதுதான். ஆய்வகக் கணினிகளில் ஒரு பூட்டு மென்பொருள் போட்டிருக்கிறார்கள். கணினியை அணைத்துப் போட்டால் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். வைரஸ் வராமலிருக்க வைத்தது. அதில் தவறு சொல்லவில்லை. ஆனால் டி டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள். எனவே நாங்கள் ஏற்றிய மென்பொருளும் போகும், செய்த வேலையும் போகும். முதல் சுழற்சி முடிந்ததும் மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றுவார்கள். நாங்கள் உள்ளே வரும்போது ஒரு கணினியிலும் ஒன்றும் இருக்காது. யு.எஸ்.பி. துளைகளையோ எம்-சீல் வைத்து அடைத்துவிட்டார்கள். பிரின்டர் இருக்கிற ஒரே ஒரு கணினியில்தான் துளை திறந்திருக்கிறது. தினமும் அதில் ஆசிரியரின் பென் டிரைவைச் சொருகி, அங்கிருந்து லேன் வழியாக ஒவ்வொரு கணினிக்கும் இழுத்து வைப்பதற்குள் பாதி வகுப்பு போய்விடுகிறது. பிறகு விடுதி போர் மோட்டாரைப் போடுவார்கள். விளக்கு ஒரு நொடி மங்கும். யு.பி.எஸ். பேட்டரி உப்பிப்போய்க் கிடப்பதால் அத்தனை கணினியும் அணைந்து எழும். மறுபடி முதலிலிருந்து!

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழியைச் சொன்னால் சிரிப்பீர்கள். பயிற்சி முடிந்ததும் எடைகள் இருக்கும் அட்டவணையைப் போனில் படம் எடுத்துக்கொள்கிறோம். மறுநாள் அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்கிறோம். ஒரு கழித்தல் குறி விட்டுப்போனால் விடை தப்பாக வரும், எங்கே தப்பென்று தேட வேண்டும். எக்ஸ்-ஆருக்கு ஒன்பது எண்கள், எப்படியோ சமாளித்தோம். அடுத்த செய்முறை, பார்த்த வடிவத்தை நினைவில் வைத்து மீட்டுத் தரும் ஹாப்ஃபீல்டு நெட்வொர்க். பத்துக்குப் பத்துக் கட்டத்தில் ஓர் எழுத்தை நினைவில் வைக்க 100 நியூரான், ஜோடிக்கு ஒன்றாக 4,950 எடைகள். இதை எந்தப் போனில் படம் பிடிப்பது, அம்மா? இதைக் கண்டுபிடித்த ஹாப்ஃபீல்டுக்கு 2024-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். நாங்கள் அதை ஸ்கேல் வைத்து அப்சர்வேஷன் நோட்டில் வரைந்துகொண்டிருக்கிறோம்.

4. இணையம் வழியாகவே நிரலை ஓட்டித் தரும் கூகுள் கோலாபில் செய்யச் சொல்கிறார்கள். ஆய்வகத்தில் இணையம் வரும் நாளை எண்ணிவிடலாம். எங்கள் போன் டேட்டாவில்தான் ஆன்லைன் வகுப்பு, விண்ணப்பம், வீட்டில் தம்பி தங்கையின் படிப்பு எல்லாம்.

5. மண்டல அலுவலகத்துக்குக் கொடுத்த மனுவுக்குக் கடைசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது: நிதி ஒதுக்கீடு இல்லாததால் மனு முடித்துவைக்கப்பட்டது. நிதியை யார் கேட்டார்கள்? நேரில் போய்க் கேட்டதற்கு, மென்பொருள் என்றால் மூன்று விலைப்புள்ளி இணைக்க வேண்டுமாம். விலையே இல்லாத பொருளுக்கு எந்தக் கடைக்காரர் விலைப்புள்ளி தருவார்? சுழியம் என்று எழுதி முத்திரை குத்தித் தர ஒருவர் இருந்தால் அவரையும் அழைத்து வருகிறோம். அரசு அலுவலகங்கள் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மத்திய அரசு 2015-லேயே கொள்கை வெளியிட்டது. அதன் நகலை இணைத்திருந்தோம். யாரும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

6. அட்மின் பாஸ்வேர்டு ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது என்கிறது கல்லூரி. கல்லூரி கடிதம் கொடுத்தால் வருகிறேன் என்கிறார் ஒப்பந்தக்காரர். கடிதம் தர மண்டல அனுமதி வேண்டும் என்கிறார்கள். மண்டலத்திலோ மனு முடிந்துவிட்டது.

7. பஸ்.

அதையும் சொல்லிவிடுகிறோம். திறந்திருக்கும் அந்த ஒரு கணினிக்கு முன்னால் மாலையில் வரிசை நிற்கும். மேலத்தெரு, காட்டுப்பக்கமிருந்து வரும் மாணவிகளுக்கு 5.40 டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான். ரயில்வே கேட் அடைத்துவிட்டால் அதுவும் இல்லை. ஆகவே வரிசையிலிருந்து முதலில் போகிறவர்கள் அவர்கள். செய்முறை மதிப்பெண் யாருக்குக் குறையும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே அம்மா, நாங்கள் புதுக் கணினி கேட்கவில்லை. கட்டடம் கேட்கவில்லை. ஒரு பைசா கேட்கவில்லை. பாஸ்வேர்டு வைத்திருப்பவர் ஒரே ஒரு நாள் வந்து, பூட்டைத் திறந்து, சிம்பிரெய்னை நிறுவி, டி டிரைவை மட்டும் விட்டுவிட்டு மறுபடி பூட்டிக்கொள்ளட்டும். அவர் வந்தால் கூட நின்று உதவ எங்கள் ஆசிரியரும் நாங்களும் தயார்; ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வருகிறோம். தாங்கள் ஒரு வரி எழுதினால் நடந்துவிடும் என்று நம்பித்தான் மீண்டும் வந்திருக்கிறோம்.

செய்முறைத் தேர்வு அறிவிப்பு ஒட்டப்பட்டுவிட்டது. அதற்கு முன் ஆணையிடுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். இந்த மனுவையும் மண்டல அலுவலகத்துக்கே மேல்நடவடிக்கைக்கு அனுப்பிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மூன்றாமாண்டு மாணவ மாணவியர்

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல், ரசீதுகள், குறுஞ்செய்தியின் படம், எம்-சீல் அடைத்த துளைகளின் புகைப்படம், மாணவர் கையொப்பங்கள்.