பட்டறைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

உறவுகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

திருமங்கலம் பக்கம் எங்கள் வெல்டிங் பட்டறை ஓராண்டைத் தாண்டிவிட்டது. நேரில் நன்றி சொன்னால் "இதெல்லாம் ஒரு விஷயமாப்பா" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் இந்த மடல்.

சவூதியிலிருந்து வந்தவனிடம் ஊர் முதலில் கேட்பது, "லீவு எத்தனை நாள்?" இனிமேல் போகவில்லை என்றால் முகம் மாறிவிடும். "சரி, இங்க என்ன செய்யப்போற?" என்று கேட்டவர் கப்பலூரில் லேத் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்தான்.

சவூதியின் ஜுபைல் நகரில் நான் செய்தது, எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்கிற குழாய் வெல்டிங். இங்கே வருவதோ கேட், கிரில், தகரக் கொட்டகை. வேலை பழக்கம்தான், விலை சொல்வது புதிது. கேட்டுக்குக் கிலோ கணக்கு, கொட்டகைக்குச் சதுர அடிக் கணக்கு. அதற்குள் வெல்டிங் ராடு, கரண்ட், பிரைமர், வெட்டி விழும் துண்டு, வண்டி வாடகை எல்லாம் அடங்க வேண்டும். "மாப்ள, அங்க மாசம் பொறந்தா சம்பளம். இங்க உன் கூலியையும் சேர்த்து ரேட்டு சொல்லு" என்று அந்த லேத் அண்ணன்தான் பக்கத்தில் உட்கார்ந்து எஸ்டிமேட் போடப் பழக்கினார். அண்ணே, பட்டறை ஓடுவது அந்தக் கணக்கில்தான்.

மாவட்டத் தொழில் மைய அலுவலருக்கு நன்றி. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பிற்படுத்தப்பட்டோருக்கு 35 சதவீத மானியம், நாம் போட வேண்டிய கைப்பணம் 5 சதவீதம் என்றார். மானியம் கைக்கு வராது, வங்கியிலேயே 3 ஆண்டு இருந்து அப்புறம்தான் கடனில் கழியும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் மானியத்தை நம்பிக் கைமாற்று வாங்காமல் தப்பித்தோம்.

வெளிநாட்டில் உழைத்தவனுக்கு இங்கே காட்ட வருமானக் கணக்கு இருக்காது. அனுப்பிய பணமெல்லாம் ஏஜென்ட் கடனுக்கும் வீட்டுக்கும் போயிருக்கும். அனுபவச் சான்றிதழைப் பொறுமையாகப் படித்து, இடத்தையும் வந்து பார்த்துக் கடன் தந்த வங்கி மேலாளருக்கு நன்றி. அந்தக் கைப்பணத்தை மகளிர் குழுவில் கடனாக எடுத்துக் கொடுத்தவள் என் மனைவி. வரவு செலவு நோட்டும் இன்று அவள் கையில்தான்.

பேர் தெரியாத பட்டறையை நம்பி, மாட்டுக் கொட்டகைக்குப் பாதிப் பணத்தை முன்பணமாகத் தந்த பெரியவருக்கும், ஜுபைலில் ஒரே அறையில் இருந்து, கிரைண்டர் வாங்கப் பணம் அனுப்பிய தம்பிகளுக்கும் நன்றி.

தம்பிகளா, ஊருக்கு வர நினைத்தால் அனுபவச் சான்றிதழை வாங்காமல் கிளம்பாதீர்கள். வந்ததும் பட்டறைக்கு வாங்க. தொழில் மையத்துக்கு நானே கூட வருகிறேன்.