மூன்று மதிப்பெண்ணுக்கு ஒரு ஸ்பைரல் புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டால் பள்ளிகளைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் கூட்டம் தாங்காது. புராஜெக்ட் என்று சொன்னால் போதும், என்ன தலைப்பு என்று கடைக்காரரே கேட்டு, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருப்பதை எடுத்து, முதல் பக்கத்தில் பெயரை மட்டும் மாற்றி, ஸ்பைரல் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். இதைப் பார்த்ததும் 'இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்' என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதற்கு மதிப்பெண் கிடைக்கிறது என்று கணக்குப் பார்த்துத்தான் பிள்ளைகள் செய்கிறார்கள், அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது பெரியவர்கள்.

இயற்பியலையே எடுத்துக்கொள்ளுங்கள். செய்முறைக்கு மொத்தம் 30 மதிப்பெண். இரண்டு சோதனைகளுக்குத் தலா 7, ரெக்கார்டு நோட்டுக்கு 5, செயல்பாடு ஒன்றுக்கு 3, புராஜெக்டுக்கு 3, வைவா என்கிற வாய்மொழிக் கேள்விகளுக்கு 5. அந்த 5 மதிப்பெண்ணும் சோதனை, செயல்பாடு, புராஜெக்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். ஒரு பிள்ளை தானாக யோசித்து, பொருள் தேடி, அளந்து, முடிவு சொல்ல வேண்டிய வேலைக்கு 3 மதிப்பெண், அதை எதை வைத்துப் போடுவது என்று மதிப்பெண் அட்டவணையில் ஒரு வரி கிடையாது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் என்ன செய்வார், பாவம்? வரிசையாகப் பிள்ளைகள் நிற்கிறார்கள், மேஜையில் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன, புரட்டிப் பார்ப்பார், அட்டை நன்றாக இருந்தால் 3, இல்லாவிட்டாலும் பெரும்பாலும் 3.

இதே வாரியம் பொருளியலுக்கு வேறு மாதிரி செய்கிறது. அங்கே புராஜெக்டுக்கு 20 மதிப்பெண், அதையும் பிரித்தே கொடுத்திருக்கிறார்கள்: தலைப்பின் பொருத்தத்துக்கு 3, உள்ளடக்கத்துக்கும் ஆய்வுக்கும் 6, வழங்கும் முறைக்கு 3, வைவாவுக்கு 8. மாணவர் தானே சுயமாகச் செய்ய வேண்டிய ஆய்வு என்று பாடத்திட்டமே சொல்கிறது. கேள்வி கேட்டு வாங்கும் பதிலுக்குத்தான் அதிக மதிப்பெண் என்பது சரியான யோசனை. ஆனால் கூடவே 3,500 முதல் 4,000 சொற்கள், கையால் எழுதினால் நல்லது என்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் கையால் எழுதச் சொன்னால் எழுதும்போதாவது படிப்பார்கள் என்று நினைத்திருக்கலாம். இப்போது சாட்ஜிபிடி ஒரு நிமிடத்தில் கொடுப்பதைப் பார்த்து எழுத விரல் வலிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பாடத்திட்டத்தில் உள்ள தலைப்புகளில் ஒன்றான டிரான்ஸ்ஃபார்மரை, சொந்தமாகச் செய்து அளந்து பார்ப்பது என்று எடுத்தாள். எங்கள் ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போய், கடைக்காரரிடம் எனாமல் கம்பியும் இரும்புத் தகடுகளும் வாங்கி, எப்படிச் சுற்றுவது என்று அவரிடமே கற்றுக்கொண்டு சுற்றினாள். இரண்டாவது காயிலில் முதல் காயிலின் பாதிச் சுற்றுதான், அதனால் முதல் காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்தால் கணக்குப்படி 6 வர வேண்டும். 5-க்கும் கீழேதான் வந்தது. ஏன் என்று தேடியதில் தகடுகள் சரியாக நெருங்கி உட்காராதது, காந்தப்புலம் வெளியே கசிவது, கம்பியின் மின்தடை என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. புத்தகத்தில் ஒரே பத்தியில் கடந்துபோகும் விஷயம் அவளுக்குக் கைக்குள் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பள்ளியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? அளவுகளைச் சூத்திரத்துக்கு ஒத்து வருகிற மாதிரி மாற்றி எழுது, வெளித் தேர்வாளர் கேள்வி கேட்டால் சிக்கல் என்றார்கள். மாற்றி எழுதினாள். கூடவே சான்றிதழ்ப் பக்கம், நன்றியுரைப் பக்கம், பொருளடக்கம், எல்லாம் கலர் பிரிண்ட். நன்றியுரையில் முதல்வர் இருக்கிறார், ஆய்வக உதவியாளர் இருக்கிறார், காயில் கடைக்காரரைக் காணோம், ஏனென்றால் அந்தப் பக்கத்தின் வாசகம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வேதியியலிலும் கதை இதுதான். கொய்யா பழுக்கப் பழுக்க அதில் ஆக்சலேட் எப்படி மாறுகிறது என்ற தலைப்பு வருடா வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயக்குடிக் கொய்யாவானாலும் அலகாபாத் கொய்யாவானாலும், இணையத்திலிருந்து இறக்கிய பிரதியில், ஆக்சலேட்டை அளக்கச் சேர்க்கும் பெர்மாங்கனேட் கரைசலின் அளவு ஒன்றேதான்.

ஆசிரியர்களைக் குறை சொல்லி எழுதவில்லை. பாடம் முடிக்க வேண்டும், ரிவிஷன் வைக்க வேண்டும், இடையில் இத்தனை பிள்ளைகளின் புராஜெக்டையும் யார் உட்கார்ந்து படிப்பது? அதனால்தான் சொல்கிறேன், தடித்த அறிக்கையே வேண்டாம். ஒரு சாதாரண நோட்டில் பிள்ளைகள் தேதி போட்டு, அன்றன்று என்ன செய்தார்கள், எது சரியாக வரவில்லை, அளவு என்ன வந்தது என்று பேனாவால் எழுதட்டும், அடித்தல் திருத்தலோடு. ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் ஒருமுறை வகுப்பாசிரியர் ஐந்து நிமிடம் அந்த நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டு ஒரு கையெழுத்துப் போட்டால், டிசம்பரில் கடையில் வாங்கியதா இல்லையா என்பது தானாகத் தெரிந்துவிடும். இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1993-லிருந்து நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் அறிக்கையோடு இப்படிப்பட்ட குறிப்பேடும் உண்டு, பிள்ளைகள் நேரில் விளக்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் என்ற தன்னார்வ அமைப்பினர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வைத்தே இதைச் செய்துகாட்டுகிறார்கள்.

அப்புறம், அந்த 3 மதிப்பெண்ணைப் பொருளியல் மாதிரி பிரித்து வெளிப்படையாகப் போடலாம்: நோட்டுக்கு 1, கேள்விக்குப் பதிலுக்கு 1, எதிர்பார்த்த விடை வராவிட்டால் ஏன் வரவில்லை என்று சொல்வதற்கு 1. மாநிலப் பாடத்திட்டத்திலும் மேல்நிலை வகுப்பு அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணில் செயல்திட்டத்துக்கு ஒரு சிறு பங்கு இருக்கிறது, அதையும் இப்படிப் பார்க்கலாம். 3-ஐ 10 ஆக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. முறையை மாற்றாமல் மதிப்பெண்ணை மட்டும் ஏற்றினால் ஜெராக்ஸ் கடையில் ரேட்தான் ஏறும்.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன்பே வாரியம் இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் நல்லது. வெளித் தேர்வாளராகப் போய்வந்த ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த 3 மதிப்பெண்ணை உண்மையில் எதைப் பார்த்துப் போடுகிறீர்கள் என்று இதே பகுதியில் எழுதுங்கள். பெயர் போடாமல் எழுதினாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
பொள்ளாச்சி