முகாம் போடும் முன் ஒருமுறை மலையேறி வாருங்கள்

சமவெளிக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கு, கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். மேல்மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பூம்பாறை, மன்னவனூர் என்று பஸ் போகிற பாதையில்தான் எங்கள் ஊர் இருக்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகிற ஊர். கீழேயுள்ள கல்லூரிகளிலிருந்து ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு வரும் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக எங்கள் பள்ளிக் கட்டடத்தைத் திறந்துவிட்டிருக்கிறோம். பிள்ளைகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிரில் விறைத்த கையோடு மண்வெட்டி பிடிக்கிற பிள்ளைகளை யார் குறை சொல்வார்கள்? நான் பேச வந்தது முகாமை நீங்கள் திட்டமிடும் விதத்தைப் பற்றி.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மார்ச் மாதம். ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு வேன் நிறைய மாணவர்கள் வந்தார்கள். வரும்போதே மரக்கன்றுகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஊருக்கு மேலே ஒரு புல்மேடு உண்டு. அதன் காலடியில்தான் எங்கள் குடிநீர் ஊற்று இருக்கிறது. மரமே இல்லாமல் கிடக்கும் மேடு என்பதால் அங்கே நடுவதென்று கல்லூரியிலேயே முடிவு செய்திருந்தார்கள். நான் அன்று கொடைக்கானலுக்குப் போயிருந்தேன். மாலையில் திரும்பி மேட்டில் ஏறியபோது குழிகள் வரிசையாக இருந்தன. குழிகளுக்கு இடம் வேண்டுமென்று கொத்தி எறிந்த செடிகள் ஓரமாகக் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முழங்கால் உயரம், விளிம்பில் ரம்பப் பல் வைத்த இலை, வேரில் இன்னும் ஈரமண். குறிஞ்சி.

2018இல் இந்த மலை நீலமாகப் பூத்ததைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். அந்தப் பூவிலிருந்து விழுந்த விதையில் முளைத்த செடிகள் அவை. அடுத்து 2030இல் பூக்க வேண்டியவை. பூ இல்லாத பதினோரு ஆண்டும் குறிஞ்சி வெறும் புதர்தான். தெரியாத கண்ணுக்கு அது களை. அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. ஊரில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பேனர் கட்டி, சால்வை போட்டு, பெரியவர்கள் வந்து தொடங்கிவைத்த வேலையை, நமக்காகக் கஷ்டப்பட வந்த விருந்தாளிப் பிள்ளைகளிடம் போய் எப்படித் தவறு என்று சொல்வது என்று நின்றுவிட்டார்கள். அது எங்கள் பிழை. இந்த மடலை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

புல்மேடு தரிசு அல்ல. இந்த மலையில் சோலைக்காடு மடிப்புகளிலும் பள்ளங்களிலும்தான் வளரும். மேடுகள் புல்லுக்கு உரியவை. பெய்கிற மழையை அந்தப் புல்லும் அதன் அடியில் உள்ள மண்ணும் பிடித்துவைத்து, மழை நின்ற பிறகும் ஊற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. வெறும் நிலம் என்று நினைத்து ஏற்கெனவே ஒருமுறை இதில் மரம் நட்டார்கள். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று வாட்டில் மரத்தைக் கொண்டுவந்தார்கள். நீலகிரிக்காரர்கள் அதைச் சீகை என்பார்கள். வைத்த இடத்தில் அது நிற்கவில்லை. தானே பரவிப் புல்வெளியைத் தின்றுகொண்டே போகிறது. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும்; மரத்தை வெட்டினாலோ தீப்பிடித்தாலோ ஒன்றுக்கு நூறாக முளைக்கும்.

மார்ச்சில் நட்ட அந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. காட்டுமாடுகள் மிதித்தது போக மிச்சம் வெயிலில் காய்ந்தது. அந்தக் கல்லூரி அதன் பிறகு வரவில்லை. மறு ஆண்டு வேறொரு கல்லூரி வந்து பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடித்தது. அதற்கு மறு ஆண்டு இன்னொன்று.

நானும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவன்தான். 1980களின் தொடக்கத்தில் சமவெளியில் ஒரு கல்லூரியில் படித்தேன். இரண்டு ஆண்டும் எங்கள் முகாம் ஒரே ஊரில்தான். முதல் ஆண்டு கண்மாய்க்கு வரும் வாய்க்காலைத் தூர்வாரினோம். இரண்டாம் ஆண்டு போனபோது அதே வாய்க்காலில் எங்கே மண் சரிந்திருக்கிறது, எங்கே நாங்கள் தவறாக வெட்டினோம் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கூடவே நடந்து காட்டினார். திட்டுதான் வாங்கினோம். அந்தத் திட்டில் கற்றுக்கொண்ட அளவு எந்த வகுப்பிலும் நான் கற்கவில்லை. முதல் ஆண்டோடு வேறு ஊருக்குப் போயிருந்தால், நல்ல வேலை செய்தோம் என்ற நினைப்பிலேயே இருந்திருப்பேன்.

திட்டத்தின் ஏற்பாடும் இதைத்தானே சொல்கிறது? 1969இல், காந்தியடிகளின் நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தர வேண்டும். ஏழு நாள் முகாம் அதற்கு மேல் உள்ளது. முகாம் நடக்கும் ஊரை ‘தத்தெடுத்த கிராமம்’ என்கிறீர்கள். பிள்ளைகள் சட்டையில் குத்தியிருக்கும் வில்லையில் கோனார்க் தேர்ச்சக்கரம் இருக்கிறது. அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் எட்டு யாமத்தையும் குறிக்கின்றன. எந்நேரமும் சேவைக்குத் தயார் என்று பொருள். இவ்வளவு பெரிய சொல்லைக் கொடுத்துவிட்டு, ஏழாம் நாள் குழுப்படம் எடுத்ததும் ஊரை மறந்துவிடுவது பிள்ளைகளுக்கும் நல்ல பாடம் அல்ல.

உருப்படியாக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சுவருக்கு வண்ணம் அடித்த அந்த முகாமில் விலங்கியல் படித்த ஒரு மாணவி இருந்தாள். மூன்றாம் நாள் மாலை என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, “ஐயா, இந்த ஊருக்கு உண்மையில் என்ன வேலை வேண்டும்?” என்று கேட்டாள். அத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் காட்டினேன். தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வில் வென்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். கேரட் கழுவக் கூலிக்குப் போகும் வீட்டுக்கு அது பெரிய பணம். பிள்ளையைப் பள்ளியிலேயே நிறுத்திவைக்கும் பணம். ஆனால் அதில் வரும் மனத்திறன் கேள்விகளை எங்கள் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. அவள் மிச்ச நான்கு மாலையும் அவர்களோடு உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்குக் கணக்கு வருகிறது, கேள்வியின் வாக்கியம்தான் புரியவில்லை என்று இரண்டாம் நாளே கண்டுபிடித்தாள். ஆசிரியராக இருந்த எனக்கு அது உறைத்தது. ஊர் திரும்பிய பிறகும் சனிக்கிழமைதோறும் தொலைபேசியில் அழைத்துப் பத்துக் கேள்விகள் கேட்பாள். சிக்னலுக்காகப் பிள்ளைகள் மாரியம்மன் கோவில் மேட்டில் ஏறி நிற்பார்கள். அந்த ஆண்டு இரண்டு பேர் தேறினார்கள். அவள் படிப்பு முடிந்துவிட்டது. அவள் இடத்தில் உட்கார அடுத்த மாணவர் ஒருவரை அனுப்பும் ஏற்பாடு உங்களிடம் இல்லை.

இப்படிச் செய்ய எவ்வளவோ இருக்கிறது. எங்கள் ஊரை ஒட்டிய பளியர் பழங்குடியினரின் குடியிருப்பில் சாதிச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளைகள் நிற்கிறார்கள். பழங்குடியினருக்கான சான்றிதழைக் கோட்டாட்சியர் நிலையில்தான் தருவார்கள். விண்ணப்பிக்கவும் விசாரணைக்கும் என்று கொடைக்கானலுக்கு நடையாய் நடந்தால், ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. படிவத்தை நிரப்பி, தாள்களைச் சேர்த்து, கூடவே போய், சான்றிதழ் கைக்கு வரும்வரை விடாமல் கேட்க ஒரு படித்த பிள்ளை போதும். ஏழு நாளில் அது முடியாது. நான்கு மாதத்தில் முடியும்.

ஊற்றைச் சுற்றியும் வேலை இருக்கிறது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வாட்டில் நாற்றை வேரோடு கையால் பிடுங்கிவிடலாம். ஊராட்சி நிலத்தில் செய்வதற்கு ஊர் ஒத்துக்கொள்ளும். காட்டுக்குள் என்றால் வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆனால் விதை மண்ணில் கிடப்பதால் ஒரு முறை பிடுங்கினால் தீராது. அடுத்த மழைக்கும் வர வேண்டும், அதற்கடுத்த மழைக்கும் வர வேண்டும். எது நாற்று, எது குறிஞ்சி என்று காட்ட எங்கள் ஊர்ப் பெண்கள் கூட வருவார்கள். புல் அறுக்கப் போகிறவர்களுக்கு அது அத்துப்படி.

ஆகவே, உங்களிடம் கேட்பது இது. முகாமுக்கு இரண்டு மாதம் முன்பே ஓர் அலுவலரும் இரண்டு மாணவர்களும் மட்டும் வந்து ஊரோடு உட்காருங்கள். பேனரும் கன்றும் வேண்டாம். என்ன வேலை என்பதை அங்கே முடிவு செய்யலாம். வந்த ஊருக்கே ஐந்து ஆண்டுகளாவது வாருங்கள். முகாம் முடிந்த பிறகும் அந்த 240 மணி நேரத்தில் ஒரு பங்கை எங்களுக்கு ஒதுக்குங்கள். மூத்த மாணவர் போகும்போது இளைய மாணவரை அழைத்துவந்து அறிமுகம் செய்துவிட்டுப் போகட்டும்.

சின்ன விஷயங்கள் சில. தட்டும் டம்ளரும் எவர்சில்வரில் கொண்டுவாருங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், எங்கள் ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சித் தருகிறோம். அரசுப் பஸ்ஸில் வந்தால், மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ் எடுக்கும் வேலையும் இல்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் நல்லது. அன்று எல்லோரும் ஊரில் இருப்பார்கள். பள்ளிக்கு எதிரே, திண்ணை வைத்த ஓட்டு வீடு. பஸ்ஸை விட்டு இறங்கி யாரிடம் கேட்டாலும் காட்டுவார்கள். முதலில் அந்தப் புல்மேட்டுக்குப் போவோம். கொத்திப் போட்டதில் தப்பிய குறிஞ்சிச் செடிகள் கொஞ்சம் இருக்கின்றன. பக்கத்தில் கல் அடுக்கி அடையாளம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மேல்மலையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்