வேட்டி நூலால் சுருதி சேர்த்தவருக்கு நன்றி

ஐயா, மார்கழியின் மூன்றாம் ஞாயிறன்று, மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பின் கூடத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் நடந்த வீணைக் கச்சேரிக்கு வந்து, பெயர்கூடச் சொல்லாமல் சென்றுவிட்ட தங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

ஜமக்காளத்தில் முப்பது பேர் அமர்ந்த பிறகுதான் தம்புராவின் ஒரு தந்தி மழுங்கி ஒலிப்பதைக் கவனித்தோம். மின்சாரச் சுருதிப்பெட்டியை வைத்துச் சமாளிக்கலாம் என்று நான் சொன்னது, இப்போது நினைத்தால், அவசரப் பேச்சுதான். கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்த தாங்கள், தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்கும் தந்திக்கும் இடையே, ரீங்காரத்தைத் தரும் ஜீவா நூல் நைந்திருப்பதைக் காட்டி, தங்கள் வேட்டி ஓரத்திலிருந்தே ஓர் இழையை உருவி அங்கே வைத்து, மயிரிழை அளவாக முன்னும் பின்னும் நகர்த்தியபடி தம்புராவின் குடத்தருகே காதை வைத்துக் கேட்டீர்கள். சட்டென்று ரீங்காரம் கூடம் முழுவதும் பரவியது. மற்ற மூன்று தந்திகளையும் அதனோடு சேர்த்துத் தந்தீர்கள். மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னதும் தாங்களே; அதன் பிறகு வீணையின் கமகங்கள், அதாவது சுரங்களின் அசைவுகள், இழுத்த தந்தி அடங்கும் வரை, கடைசி வரிசைக்கும் கேட்டன.

காபி வருவதற்குள் கிளம்பிவிட்டீர்கள். அந்த இழை இன்னும் தம்புராவில்தான் இருக்கிறது. அடுத்த கச்சேரிக்குத் தாங்கள் அவசியம் வர வேண்டும்.