சின்ன மீனுக்குச் சின்ன முள்

மஞ்சக்குப்பம், கடலூர்
தை மாதம், ஞாயிறு

அன்பு நண்பா,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தினமும் காலையில் கெடிலம் பாலம் வரை நடந்துவிட்டு வருகிறேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது அடி தூண்டில் ராடு வாங்கி மூன்று ஞாயிறு சுண்ணாம்பாற்றங்கரையில் உட்கார்ந்தும் ஒரு ஜிலேபி மீன்கூடச் சிக்கவில்லை, புழு மட்டும் காணாமல் போகிறது என்று எழுதியிருந்தாய். அது கடலில் பெரிய மீனுக்குப் போடுகிற ராடுடா. எந்த மீனுக்கு என்று கடைக்காரர் கேட்டுவிட்டு விற்றிருக்க வேண்டும்.

மகள் வீட்டுக்கு மிச்சிகன் போயிருந்தபோது எனக்கும் இதேதான் நடந்தது. அங்கே வறுசட்டியில் முழுசாக அடங்கும் மீன்களை எல்லாம் சேர்த்து 'பான்ஃபிஷ்' என்கிறார்கள். அதில் புளூகில் என்று ஒன்று, உள்ளங்கை அகலம், வாய் மட்டும் சின்னது. மருமகனின் தடித்த ராடில் நான் போட்ட புழுவை ஒரு வாரம் தின்று தீர்த்தன. ஏரிக்கரையில் ஒரு பெரியவர் என் தூண்டில் முள்ளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, தன் பெட்டியிலிருந்து 10ஆம் எண் முள் ஒன்றை எடுத்துக் கட்டித் தந்தார். முள்ளுக்கு எண் ஏற ஏற அளவு சிறுத்துக்கொண்டே போகும். அன்று மாலைக்குள் ஏழு மீன்.

ஆகவே முதலில் முள்ளை மாற்று. 8 அல்லது 10. ஜிலேபிக்கும் வாய் சின்னதுதான், இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பிவிடும். புழுவை நீளமாகத் தொங்கவிடாதே, முள் மறைகிற அளவுக்குச் சின்னத் துண்டு போதும்.

அடுத்து தூண்டில் நரம்பு. நீ போட்டிருக்கும் தங்கூசி தடிமன். சுருள் சுருளாக நிற்கும், லேசான இரையை இழுத்துக்கொண்டு, நரம்பு சுற்றியிருக்கும் ரீலை விட்டு ஓடாது. 4 பவுண்டு நரம்பு வாங்கு. ஏறக்குறைய 1.8 கிலோ தாங்கும், நம் ஆற்றில் அதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். ரீல் 1000 அளவு, அதாவது சின்னது, நரம்பை விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே நிற்கிற மாதிரி சுற்று. முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள். உராய்வில் சூடேறினால் மெல்லிய நரம்பு அந்த இடத்திலேயே அறுந்துபோகும்.

ராடு கடைசியில் வாங்கினால் போதும். ஐந்தரை, ஆறு அடியில் 'அல்ட்ராலைட்', அதாவது மிக லேசான ராடு என்று கேள். அங்கே நான் பயன்படுத்திய மிகச் சிறிய ஜிக், அதாவது ஈயத் தலை வைத்த முள், ஒரு கிராமுக்கும் குறைவு, நம் ஒரு ரூபாய் நாணயத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதை வீசும்போது ராடு தானாக வளைந்து நிமிர வேண்டும். தடித்த ராடு அந்த எடையை உணரவே உணராது. ஆனால் ஜிலேபி பெரும்பாலும் பாசி தின்கிற மீன், ஜிக்கை அவ்வளவாகத் தொடாது. புழுவும் பிசைந்த மைதாவுமே போடு.

ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக்கை, எப்படி வைப்பது என்று கேட்டிருந்தாய். நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் அது வழுக்கிக்கொடுக்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் நரம்பைக் கட்டித் தூக்கிப் பார். பாட்டில் எழும்புகிற சமயத்தில் ரீல் மெதுவாக நரம்பை விட்டால் சரியாக இருக்கிறது.

தக்கைக்குக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் உருண்டை வேண்டாம். அதன் இழுப்பு தெரிந்தவுடனே மீன் துப்பிவிடும். நாம் பள்ளிக்கூட நாட்களில் மூங்கில் குச்சியில் கட்டிய மயிலிறகுத் தண்டு ஞாபகம் இருக்கிறதா? கொட்டாங்குச்சியில் மண்புழு, பயறு அளவுக்கு ஒரு துண்டு ஈயம். அமெரிக்காவில் கற்றதில் பாதி நம் கையில் ஏற்கெனவே இருந்ததுதான். அந்தத் தண்டு நுனி மட்டும் தெரிகிற மாதிரி ஈயத்தைச் சரிசெய், மீன் தொட்டதுமே சொல்லிவிடும்.

அப்புறம் ஒன்று, இது எனக்கு முக்கியம். புளூகில்லில் ஆண் மீன்தான் கூடு கட்டி முட்டையைக் காக்கும். பெரிய ஆண்களையே பிடித்துக்கொண்டிருந்தால், மிச்சமிருப்பவை சின்ன வயதிலேயே இனப்பெருக்கத்துக்கு வந்து, அந்த ஏரியின் மீன்கள் சிறுத்துப்போகும். அதனால் பெரிசுகளைத் தண்ணீரில் விடச் சொல்லித் தந்தார் அந்தப் பெரியவர். நம் ஜிலேபி கதை வேறு. 1952இல் வெளியிலிருந்து கொண்டுவந்த மீன். தாய் முட்டையை வாயில் வைத்துப் பொரிக்கும். ஒரு குளத்தில் புகுந்தால் பெருகி, நெருக்கடியில் குட்டையாகி, மற்ற மீன்களின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அதைத் தாராளமாக வீட்டுக்கு எடுத்துப் போ. குறவையும் கெண்டையும் சின்னதாக வந்தால் விட்டுவிடு, கையை நனைத்துக்கொண்டு பிடி.

ஏரிக்குப் போவதானால் மீன் குத்தகைக்காரரைக் கேட்டுவிட்டு இறங்கு. அது அவர்கள் பிழைப்பு.

அடுத்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் ஏறி வா. வெயில் ஏறுமுன் கெடிலக்கரையில் உட்காரலாம். என் ராடில் நீ போடு, நான் மூங்கில் குச்சி வெட்டி வைத்திருக்கிறேன். மயிலிறகுத் தண்டு அங்கே கிடைத்தால் இரண்டு எடுத்து வா, என்னிடம் ஒன்றுதான் மிச்சம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்