பெயர்ப் பலகை பிறகு, பாய் முதலில்

ஆசிரியர் அவர்களுக்கு,

பத்தமடைப் பாய், காருகுறிச்சி மண்பானை, கல்லிடைக்குறிச்சி அப்பளம் என நம் பக்கத்துச் சிறு தொழில்காரர்கள் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ் எனக் குறும் வீடியோக்கள் போடுவது நல்ல விஷயம். ஆனால் பல வீடியோக்கள் "வணக்கம் நண்பர்களே" என்றும் கடைப் பலகையோடும் ஆரம்பிக்கின்றன. அதற்குள் பார்ப்பவர் தள்ளிவிட்டுப் போய்விடுவார். பட்டுப்பாயைத் துணி மாதிரி மடிக்கும் கைதான் முதல் 3 நொடிக்குள் வர வேண்டும்.

செங்குத்தாக, 1080-க்கு 1920 பிக்சல் அளவில், 20 முதல் 40 நொடி போதும். விலையைத் திரையின் அடியில் எழுதினால் செயலி காட்டும் தலைப்பும் பட்டன்களும் அதை மறைத்துவிடும். நடுவுக்குச் சற்று மேலே போடுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் படத்தில் கோடுகள் ஓடினால் போனைத் திட்டிப் பயனில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன் கேமராவை நாமே சரிசெய்யும் 'புரோ மோடில்' ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆடிக் காற்றில் வெளியே பேசுவதென்றால் காலர் மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம். இல்லாவிட்டால் இரைச்சல்தான் மிஞ்சும்.

வியாபாரக் கணக்கில் சினிமாப் பாட்டு சேர்த்தால் உரிமைப் புகாரில் ஒலியே முடக்கப்படலாம். தறிச் சத்தம் இருக்க, பாட்டு எதற்கு? வேறு செயலியின் முத்திரை பதிந்த வீடியோவை இன்ஸ்டாகிராம் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. போனில் இருக்கும் அசல் வீடியோவையே ஏற்றுங்கள்.

காசுக்கு ஃபாலோயர் வாங்குவது சுத்த வீண். அவர்கள் பார்க்கவும் மாட்டார்கள், பாய் வாங்கவும் மாட்டார்கள். பார்வையாளர் எந்த நொடியில் விலகுகிறார் என்று காட்டும் வரைபடம் யூடியூப் ஸ்டுடியோவில் இலவசமாகவே கிடைக்கிறது. இந்த வரைபடத்தைப் புரிந்துகொள்ள மாவட்டத் தொழில் மையம் ஒருநாள் பயிற்சி நடத்தலாமே.

- வாசகர், சேரன்மகாதேவி