கேட்டது யார் என்று முதலில் கேளுங்கள்

மனிதர்கள் கணினியைப் பயன்படுத்தும் விதத்தை ஆராயும் சிஎச்ஐ (CHI) மாநாட்டுக்கு வரும் கட்டுரைகளை மதிப்பிடுபவர்களுக்கு,

வணக்கம். ஒரு செயலியை மக்களிடம் கொடுத்துப் பார்க்கும் பயனர் ஆய்வு என்றாலே நீங்கள் முதலில் பார்ப்பது எத்தனை பேர் கலந்துகொண்டார்கள் என்பதைத்தான். பன்னிரண்டு பேர் போதுமா, ஐந்து பேர் போதுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அந்த ஐந்து பேர் கணக்கு, 1993-ல் நீல்சன், லாண்டாவர் என்ற இரு ஆய்வாளர்கள் கொடுத்த சூத்திரத்திலிருந்து வந்தது. அது ஒரு வடிவமைப்பில் இருக்கும் கோளாறுகளைத் தேடிப் பிடிப்பதற்கான கணக்கு, மக்களுக்கு அது பிடித்திருக்கிறதா என்று அளப்பதற்கு அல்ல. சரி, அதுகூடப் போகட்டும். நான் கேட்பது வேறு: அந்தப் பயனர்களுக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டது யார்?

செயலியை உருவாக்கியவரே அதைக் கையில் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால், முகத்துக்கு நேரே "நல்லா இல்லை" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? இது வெறும் ஊகம் இல்லை. நிக்கோலா டெல் என்ற ஆய்வாளரின் குழுவினர் பெங்களூரில் 450 பேட்டிகள் எடுத்து, 2012-ல் உங்கள் மாநாட்டிலேயே இதை அளந்து காட்டினார்கள். ஒப்பிடக் கொடுத்த இரண்டு பொருள்களும் ஒன்றேதான் என்றாலும், பேட்டி எடுப்பவர் உருவாக்கியது என்று நம்பிய பொருளையே மக்கள் இரண்டரை மடங்கு அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டு ஆய்வாளர் கேட்டபோது அது ஐந்து மடங்கு. அவருடைய பொருளை வேண்டுமென்றே கண்ணுக்குத் தெரியும்படி மட்டமாக்கிக் கொடுத்தும் அதுவே நல்லது என்றார்கள். நூறு பேரிடம் இப்படிக் கேட்டாலும் நூறு மரியாதையான பதில்கள்தான் கிடைக்கும். ஒரு பொருள் பயன்படுத்த எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும், பத்துக் கேள்விகள் கொண்ட எஸ்யூஎஸ் (SUS) படிவத்தை அதே ஆள் நீட்டினாலும் அப்படித்தான்.

ஆய்வாளர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "பயனர்களுக்கு இது பெரிதாகப் பிடிக்கவில்லை" என்று ஒரு மாணவர் நேர்மையாக எழுதினால், பங்களிப்பு போதாது என்று திருப்பி அனுப்பப்படுமோ என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அந்தப் பயத்தைப் போக்க உங்களால் மட்டும்தான் முடியும்.

அதனால் பேட்டி எடுத்தது யார், மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, செயலியைச் செய்தது யார் என்று பயனருக்குத் தெரியுமா, இவையெல்லாம் கட்டுரையில் இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். முடிந்த இடங்களில், எது யாருடையது என்று தெரியாத மூன்றாம் ஆளை வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஆய்வாளர் கிளம்பிப் போன பிறகும், யாரும் கேட்காமலே, எத்தனை பேர் அந்தச் செயலியைத் திறந்தார்கள் என்றும் கேளுங்கள். பதில் 'யாருமில்லை' என்று வந்தால், அதற்காகவே அந்தக் கட்டுரையை நிராகரித்துவிடாதீர்கள்.